கறவைக்கு வாங்கிய லேப்டாப்

முதலில் வம்புக்கு வந்தவன் செங்கோடன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

கொக்கராயன்பாளையம் சந்தையில் அவனும் நானும் முப்பது வருசமாக மாட்டுத் தரகர்கள். ஒன்றரை வருசத்துக்கு முன்னால், மஸ்கட்டில் இருக்கும் என் மகன், "அப்பா, போன்ல உங்களுக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குது. விலை குறைச்சலா ஒரு லேப்டாப் வாங்கிக்குங்க" என்றான். நான் அதைச் சந்தையில் சொன்னதுதான் தாமதம், செங்கோடன் எல்லாரும் கேட்கும்படி கத்தினான்: "மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறவரு, லேப்டாப்பை எதைப் புடிச்சுப் பாப்பாரு?"

சந்தையே சிரித்தது. இரண்டு எருமைகூடச் சிரித்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"நான் பாத்து வாங்கறது ஒரு வருசம் பழுதில்லாம ஓடும்டா" என்றேன்.

"ஓடுனா என் துண்டைக் கழட்டி உங்க தோள்ல போடறனுங்ண்ணா. ஓடலீன்னா இந்தச் சந்தையில நீங்க இனிமே துண்டு போடக்கூடாது."

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் வாயால் விலை பேசுவதில்லை. இரண்டு பேர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். துண்டு போடாத தரகன் சந்தைக்கு வேடிக்கை பார்க்க வந்தவன். ஒருவன் தன் துண்டைக் கழற்றி இன்னொருவன் தோளில் போட்டால், "என் கண்ணைவிட உன் கண் ஒசத்தி" என்று ஊரறிய ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அந்தத் துண்டு எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

வருசம் முடிந்த செவ்வாய்க்கிழமை, லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன். ஒரு வாரமாகவே அது திறப்பதற்குக் கொஞ்சம் யோசித்துக்கொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாரக்காள் டீக்கடையில் செங்கோடன் இருந்தான். ஆட்டு வியாபாரி சடையப்பனும் இன்னும் பத்துப் பேரும் இருந்தார்கள். உடனே திறந்து காட்டினால் என்ன மரியாதை? முதலில் வாங்கிய கதையைச் சொன்னேன். உள்ளது உள்ளபடிதான் சொன்னேன்.

"கடைக்குள்ள போனதும் நான் எதையும் தொடலை. பத்தடி தள்ளி நின்னு பாத்தேன். இருபத்திரண்டு லேப்டாப் நிக்குது. கடைக்காரத் தம்பி ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். பச்சை, செகப்பு, ஊதான்னு உள்ளுக்குள்ள லைட்டா எரியுது. 'தம்பி, கொம்புக்குச் சாயம் பூசின மாட்டை நான் வாங்கறதில்லை'ன்னேன். 'இது கேம் ஆடறதுக்குங்கய்யா. உங்களுக்கு எதுக்கு வேணும்?'னு கேட்டான். 'கரண்டு பில்லுக் கட்டோணும், மகன் மூஞ்சியப் பாக்கோணும், சந்தை நெலவரம் படிக்கோணும். உழவுக்கு வேண்டாம், கறவைக்குக் குடு'ன்னேன். அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இவ்வளவு தெளிவாக் கேட்ட ஆளை அவன் பாத்ததே இல்லையாம்."

"நீங்க பல்லைப் பாத்தீங்களான்னு சொல்லுங்க" என்றான் செங்கோடன்.

"பாக்காம? கீபோர்டுதான் பல்லு. ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். ஏழு லேப்டாப்புக்குப் பல்லு ஆடுச்சு, தள்ளிட்டேன். திருப்பிப் போட்டுச் சுழி பாத்தேன். அடியில ஆணி கோணலா இருந்தது நாலு, அதையும் தள்ளிட்டேன். காதை வெச்சு மூச்சுக் கேட்டேன். அஞ்சுக்கு இழுப்பு நோவு. வயறு எத்தனைன்னேன். எட்டு ஜிபின்னான். நாலு ஜிபி வயறு இருந்ததையெல்லாம் வெளிய ஓட்டச் சொல்லிட்டேன். அப்புறம் சார்ஜர் வயரைப் புடுங்கிட்டு, தீனி இல்லாம எது எத்தனை நேரம் நிக்குதுன்னு பாத்தேன். எல்லாம் படுத்துருச்சு. ஒண்ணு மட்டும் நிக்குது. முதுகுல கையை வெச்சேன் பாரு, சுச்சைத் தொடலை, தானாத் தெறந்துருச்சு!"

"கையை வெச்சா மாடே நகராதுங்ளே" என்றான் சடையப்பன்.

"அதுக்குள்ள சேதி பரவி, அந்த வீதியில இருந்த முப்பத்தொம்பது கடைக்காரனும் அவனவன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து வரிசையில நிக்கறான். பஸ்ஸுக்கு வழியில்லை. போலீஸ் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் லத்தியை எறக்கி வெச்சுட்டு, 'ஐயா, எங்கூட்டுக்காரிக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க'ங்கறாரு."

"வெலை?" என்றாள் மாரக்காள்.

"சொல்றேன். துண்டை எடுத்து அந்தத் தம்பி கை மேல போட்டேன். அவனுக்கு விரல் பாசை தெரியாது. ஏதோ கைரேகை பாக்கறேன்னு நெனச்சுட்டான். 'கல்யாணம் எப்பங்கய்யா ஆகும்?'னு கேக்கறான்! பயத்துல என் ரெண்டு விரலை இறுக்கிப் புடிச்சான். 'ரெண்டாயிரம், முடிஞ்சுது'ன்னேன். சந்தையில புடிச்ச விரலை மாத்த முடியுமா? மாட்டுக்குக் கயிறு சேர்த்தின்னு சார்ஜரையும் வாங்கிட்டேன். தை மாசமே அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, அது வேற."

செங்கோடன் டீயை உறிஞ்சினான். "வாங்குனது இருக்கட்டும். ஓடுச்சுங்களா?"

"ஓடுச்சாவா? கரண்டு பில்லுக் கட்ட ஒக்காந்தேன். ரீடிங் எடுக்கற ஆளு தெரு முனையில வர்றப்பவே பில்லைக் கட்டி முடிச்சுருச்சு. பக்கத்து ஊட்டுக்கும் கட்டிருச்சு. நிறுத்தறதுக்குள்ள நம்ம டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போயிருச்சு. மகன்கிட்டப் பேசுனா, அவன் வாயத் தெறக்கறதுக்கு முன்னாலயே பேச்சு வந்துருது. 'ஆமாப்பா'ங்கறான், நான் இன்னும் கேள்வியே கேக்கலை! மாசி மாசம் ஒருக்காச் சார்ஜ் போட்டேன், ஆடி வரைக்கும் நின்னுச்சு. நடுவுல மூணு நாள் கரண்டு இல்லாதப்ப, அதுல வயரைச் சொருகி மோட்டார் ஓட்டி, ரெண்டு ஏக்கர் மஞ்சளுக்குத் தண்ணி பாச்சுனேன்."

"எங்கூட்டுக் கெரைண்டரையும் சொருகியிருக்கலாம்ல" என்றாள் மாரக்காள்.

"நீ கேக்கலை. இதைக் கேளு. ஒரு நாள் லேப்டாப்பைத் தொழுவத்துல மறந்து வெச்சுட்டேன். காலையில பாத்தா, நம்ம காரிப் பசு அது முன்னால நிக்குது. மூக்காலயே அமுக்கி, பருத்திக்கொட்டை நாலு மூட்டை, புண்ணாக்கு ரெண்டு மூட்டைன்னு ஆர்டர் போட்டுருச்சு. சாயங்காலம் வேன்ல வந்து எறங்குது!"

சடையப்பன் எழுந்தே நின்றுவிட்டான். "ஏனுங்க, ஆர்டர் போட்டா ஓடிபி வருமே, அது யாருக்கு வந்துச்சு?"

"மாட்டுக் காதுல சர்க்கார்ல மஞ்சத் தோடு அடிச்சிருக்காங்கல்ல, பன்னெண்டு நம்பர் போட்டு? அது எதுக்குன்னு நெனச்சே?"

கட்டியிருந்த மாடுகளின் காதைப் பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிங்ண்ணா" என்றான் செங்கோடன். "கதை போதும். தெறங்க."

பையிலிருந்து எடுத்து மாரக்காள் பெஞ்சில் வைத்தேன். முதுகில் கை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. சுவிட்சை அமுக்கினேன். கறுப்பாகவே இருந்தது. செங்கோடன் தன் துண்டை நன்றாக இழுத்துச் சரி செய்துகொண்டான். என் துண்டைப் பார்த்தான். நானும் என் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முப்பது வருசத் துண்டு.

ஒரு டீ குடிக்கிற நேரம். வட்டமாக ஏதோ சுற்றியது. சுற்றியது, சுற்றியது, நின்றது. அப்புறம் திரை வெளிச்சமாக வந்தது. அதில் என் மகனும் மருமகளும் சிரிக்கிற போட்டோ. மாரக்காள் தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். செங்கோடன் சொன்ன ஊரின் சந்தை நிலவரத்தை அவன் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டினேன். எழுத்து பெரிது பெரிதாக வந்தது.

"ஓடுது" என்றான் சடையப்பன்.

"ஓடுதுங்க" என்றாள் மாரக்காள். "செங்கோடா, துண்டைக் கழட்டு."

செங்கோடன் எழுந்தான். துண்டைக் கழற்றினான். என் நெஞ்சு இந்த அகலத்துக்கு விரிந்தது. அவன் நேராக மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், துண்டை முக்கி, அலசி, பிழிந்து, உதறினான்.

"அழுக்குத் துண்டை உங்களுக்குப் போடலாமுங்களா? அதான் அலசுனேன். ஆனா ஈரத்துணியைத் தோள்ல போடறது எழவூட்டு வழக்கமுங்க. நல்லா இருக்கற மனுசனுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன். காயட்டும், போட்டுடறேன்."

அது ஐப்பசி மாசம். நான் இதை எழுதுவது சித்திரைக் கடைசியில். வெயில் நூற்றி நாலு டிகிரி. சந்தையில் தார்ரோடு இளகி, செருப்பு ஒட்டிக்கொள்கிறது. கிணறு வற்றிவிட்டது, மாட்டுத் தொட்டி வற்றிவிட்டது, மாரக்காள் சட்டியில் டீ வற்றிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமையும் கேட்டேன். செங்கோடன் தன் தோளில் கிடந்த துண்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஓரத்துல இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குதுங்ண்ணா."