முடிவு தெரிந்தவர்களுக்கு வழியில்லை

மந்தைக்குளத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. சினிமா விமர்சகர்கள் மட்டுமே மூன்று பேர் இருந்தார்கள் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 'ஊர்முழக்கம்' வாரப் பத்திரிகையில் அவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் ஊரே படத்துக்குப் போகும். அல்லது போகாமல் இருக்கும்.

மூவருக்கும் தலைவர் தில்லைநாயகம். எந்தப் படம் வந்தாலும் 'முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி இழுவை' என்று வியாழக்கிழமையே எழுதிவைத்துவிடுவார். படம் பார்த்த பிறகு அதன் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வார். அவருக்கு உதவியாக உக்கிரபாண்டியும் கோமதிசங்கரும் இருந்தார்கள். கனகா டாக்கீஸ் மேனேஜர் ஜெபமணி இடைவேளையில் ஓசியில் கொடுக்கும் பஜ்ஜி சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்று பார்த்து நட்சத்திரம் போடுவார்கள்.

நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இந்தப் பிழைப்பில் போன மாதம் மண் விழுந்தது. ஒரு மர்மப் படத்துக்கு 'தோட்டக்காரனே கொலையாளி: யாரும் எதிர்பாராத திருப்பம்!' என்று தில்லைநாயகம் தலைப்புப் போட்டுவிட்டார். ஆசிரியர் பவளக்கொடி அம்மாள் மூவரையும் நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தார்.

இந்த வாரம் மறுபடியும் கூப்பிட்டார். "வள்ளின்னு ஒரு பொண்ணும் ஒரு இரும்பு நாயும் வால்நட்சத்திரத்துல ஏறிப் போற படம். முழுக்கக் கம்ப்யூட்டர்லயே செஞ்சது. குழந்தையோட குழந்தையா உட்கார்ந்து பாருங்க. ஞாயித்துக்கிழமை நம்ம பத்திரிகை கடைக்கு வர்ற வரைக்கும் இதோட முடிவு ஊர்ல ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சுது, அடுத்த வாரத்துலேருந்து நீங்க ராசிபலன் எழுத வேண்டியதுதான்."

தில்லைநாயகம் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். ராசிபலனையும் எதையும் பார்க்காமல் எழுதலாம்தான். ஆனால் பஜ்ஜி கிடைக்காதே.

சனிக்கிழமை காலைக் காட்சிக்குப் போனார்கள். கொட்டகை நிறையக் குழந்தைகள். பாதிக்கு மேல் பெற்றவர்கள் வாசலோடு விட்டுவிட்டுப் போனவை. சின்னதுகள் சில, கூட வந்தவர்களின் மடியில் உட்கார்ந்திருப்பதைத் தில்லைநாயகம் கவனித்தார். ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. கோமதிசங்கரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். உக்கிரபாண்டிக்கு மடி கிடைக்கவில்லை. முன்வரிசையில் ஒரு மீசைக்காரரிடம் கேட்டுப்பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

படம் ஓடியது. வால்நட்சத்திரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, காணாமல்போன அப்பாவைத் தேடி வள்ளி போனாள். நாய் பின்னாலேயே போனது. குழந்தைகள் கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் இடத்தைக் காலி செய்தன.

இடைவேளையில் மூவரும் கூடி ஆராய்ந்தார்கள்.

"தலைவரே, கதை மூவாயிரமாவது வருஷத்துல நடக்குதுன்னு போட்டாங்களே, அதுக்குள்ள எப்படிப் படம் புடிச்சாங்க?" என்றார் கோமதிசங்கர்.

"நல்ல கேள்வி. அவசரப்பட்டிருக்காங்க. 'இயக்குநர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்'னு எழுதிக்கோ."

"நாய் நடிப்பு எப்படி?" என்றார் உக்கிரபாண்டி.

"உணர்ச்சி பத்தாது. அழற கட்டத்துல கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலை."

"வந்தா துரு புடிச்சிடுமே, தலைவரே."

தில்லைநாயகம் யோசித்தார். "துருவுக்குப் பயந்தா நடிக்க வரக் கூடாது. ஒன்றரை நட்சத்திரம்."

பஜ்ஜி வேறு ஆறிப்போயிருந்தது.

படம் முடியும் தறுவாயில் தில்லைநாயகம் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். கொட்டகை முழுக்கக் குழந்தைகள், அத்தனையும் கண்ணை அகல விரித்துக்கொண்டு. மற்ற இருவரையும் பிடித்து உலுக்கினார்.

"டேய், இன்னும் கொஞ்ச நேரத்துல இதுங்க எல்லாத்துக்கும் முடிவு தெரிஞ்சுடும்டா! வெளிய போய் ஊரெல்லாம் சொல்லுமே!"

"ஆளுக்கொரு மிட்டாய் வாயில போட்டா?" என்றார் கோமதிசங்கர்.

"மிட்டாய் கரைஞ்சதும் பேசுமே."

"கரையாத மிட்டாய்?"

"அதுக்கு நேரமில்லை," என்றார் உக்கிரபாண்டி. "பேசாம வெளிய விடாம வச்சுட்டா?"

தில்லைநாயகம் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். இத்தனை நாளாக இந்த மூளையைப் போய் நட்சத்திரம் வரைய வைத்திருந்தோமே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஈ காக்காய்க் கணக்கில் தாங்களும் சேர்த்தி என்பதால், மூவரும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, எல்லாக் கதவுகளையும் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

படம் முடிந்தது. யாரும் வெளியே போகவில்லை. மேலே இருந்த ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். கொட்டகை நிறைந்திருந்தது. அடுத்த காட்சிக்குக் கூட்டம் வந்துவிட்டது என்று நினைத்துப் படத்தை முதலிலிருந்து ஓட்டினார். குழந்தைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அழைத்துப்போக வந்த தாய்மார்கள் வாசலில் நெருக்கியடித்தார்கள். "ஏங்க, படம் முடிஞ்சுதா இல்லையா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"முடிவைப் பத்தி நாங்க வாயே திறக்கிறதில்லைம்மா," என்றார் தில்லைநாயகம் பணிவாக. "வேணும்னா டிக்கெட் எடுத்துட்டு உள்ள போய்ப் பாருங்க."

உள்ளே போகிறவர்களைத் தடுக்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லையே. அந்த அம்மாள் போனாள். பின்னாலேயே மற்றவர்கள் போனார்கள். அவர்களைத் தேடிக் கணவன்மார்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். போனவர்கள் முடிவைப் பார்த்துத் தொலைத்ததால் வெளியே வர வழியில்லாமல் போயிற்று. உள்ளிருந்து கதவை மடேர் மடேரென்று தட்டினார்கள். வெளியே நின்ற கூட்டம் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டது.

"உள்ள போனவங்க ஒருத்தர்கூட எழுந்து வரலையாம்!" என்று ஊரே பேசியது. 'குழந்தைகளுக்கே பிடிக்காது' என்று காலையில் எழுதியிருந்த பக்கத்து ஊர்ப் பத்திரிகை விமர்சகர், மதியம் அதை அடித்துவிட்டுக் 'காவியம்' என்று எழுதினார். இரண்டு தடவையும் அவர் படம் பார்க்கவில்லை. ஜெபமணி வாயெல்லாம் பல்லாகப் புதிதாகப் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். கையைச் சுட்டது. தில்லைநாயகம் ஊதி ஊதித் தின்றுவிட்டு நட்சத்திரத்தை நாலரை ஆக்கினார்.

சாயங்காலம் பவளக்கொடி அம்மாளே ஆட்டோவில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"கதவு உடையற மாதிரி கைதட்டறாங்களே! நானும் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துட்டு அச்சாபீசுக்குப் போறேன். அட்டையைப் பார்த்து நான் சரின்னு சொன்னாத்தான் மிஷினே ஓடும்."

தில்லைநாயகம் கைகட்டி வழிவிட்டார். தன் வேலை தப்பித்தது என்று நெஞ்சு குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு அதிர்ந்தது. "யோவ் தில்லைநாயகம்! கதவைத் திற!"

"தலைவரே, அம்மா குரல்," என்றார் கோமதிசங்கர்.

தில்லைநாயகம் கதவிடுக்கில் வாயை வைத்தார். "அம்மா, முடிவைப் பார்த்துட்டீங்களா?"

"பார்த்தாச்சுய்யா! அந்த நாய் கடைசியில..."

மூவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். "சொல்லாதீங்கம்மா! எங்க வேலை போயிடும்!" என்று அலறினார் தில்லைநாயகம்.

"நான் போகலைன்னா பத்திரிகையே வராதுய்யா!"

தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உப்பிட்டு வளர்த்த அம்மாளை உள்ளே வைத்திருக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் உத்தரவு போட்டதும் அதே அம்மாள்தானே.

"கவலைப்படாதீங்கம்மா," என்றார். "நாளைக்குக் காலையில பத்திரிகை கடைக்கு வரட்டும். வந்த அடுத்த நிமிஷம் உங்களை வெளிய விட்டுடறோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பத்திரிகை வந்ததும் ஓடிவந்து சொல்லும்படி உக்கிரபாண்டியை அப்போதே பெட்டிக்கடை வாசலில் நிறுத்திவிட்டார். உக்கிரபாண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறார்.