எலும்பு மெல்லும் பசு

ஊருக்கு மேற்கே ஒரு கரடு, மொட்டைப் பாறைக் குன்று. அதன் மேல் குடிசை போட்டிருந்த துறவியைக் கரட்டம்மை என்பார்கள். அவருடைய ஒரே சீடர் நஞ்சப்பர், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மாட்டுத் தரகு பார்த்தவர். எதையும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

ஒரு நாள் காலை ஊர் மணியக்காரர் நாலு பேரோடு கரடேறி வந்தார். கையில் துணி கட்டிய கலயம். அதில் முந்தின நாள் எரித்த அவருடைய அப்பாவின் எலும்பு. பின்னால் பூவாத்தாள், ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் புருசன் செங்கோடன் ஒரு பசுவை இழுத்து வந்தான்.

"இந்த மாடு எங்கப்பாவைத் தின்னுட்டுதுங்க தாயி. எலும்பு பொறுக்கப் போனா, இது நின்னு மென்னுக்கிட்டிருக்குது. இவ என்னடான்னா சுவத்து மண்ணைப் பேத்துத் தின்னுறா. ரெண்டுக்கும் ஒரே பேய். நீங்க ஓட்டறீங்களா, பூசாரி சாட்டை எடுக்கட்டுமா?"

நஞ்சப்பர் பசுவின் வாயைப் பிரித்துப் பார்த்தார். "அட, இது நான் பவானிக் கரையில புடிச்சுக் குடுத்த மாடுங்க. இந்தப் புள்ளைக்கு அம்மா வூட்டுச் சீரா வந்தது."

அம்மை பூவாத்தாளைக் கேட்டார்.

"உங்கம்மா ஊர்ல மண்ணு தின்னியா கண்ணு?"

"இல்லீங்க."

"பசு?"

"எலும்பு கெடந்தா ஒதுங்கிப் போகுமுங்க."

"பாத்தீங்களா!" என்றார் மணியக்காரர். "பேய் இங்க வந்துதான் புடிச்சிருக்குது."

"ஆமா," என்றார் அம்மை. "இங்கதான். உங்க காட்டுல அறுத்த சோளத்தட்டெல்லாம் எங்க போகுது?"

"மேற்கே, லாரியில."

"சாணி?"

"அதுவும் லாரிலதான். ரப்பர் தோட்டத்துக்கு."

"செத்த மாட்டு எலும்பு?"

"எலும்பு அரைக்கற மில்லுக்கு. எதுக்குங்க இதெல்லாம்?"

"இந்தக் கலயம்?"

"கொடுமுடிக்கு. காவேரில கரைக்கோணும்."

"அப்ப, உங்கப்பாவுல இந்த ஊரோட தங்குனது பசு தின்னது மட்டுந்தான்."

மணியக்காரரின் முகம் கறுத்தது. "வாய் இருக்குது, மந்திரந்தான் இல்லை போல. வாங்கடா."

நஞ்சப்பர் வழியை மறித்தார். "வயித்துப் புள்ளைக்காரிங்க! மண்ணுல சத்தில்லாமத்தான் ரெண்டும் இப்படித் தின்னுதுங்க. கீரை குடுங்க, கருவாடு குடுங்க. இவங்க காட்டுக்கு நாலு வண்டி எரு விடுங்க. சாட்டையில என்ன இருக்குது?"

"தரகு வுட்டாலும் பேரம் வுடல பாரு," என்றார் மணியக்காரர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

நஞ்சப்பர் திரும்பினார். "டேய் செங்கோடா, உம் பொண்டாட்டிடா. நீ சொல்லுடா!"

செங்கோடன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் கோயில் வாசலில் சாட்டை விழுந்தது. அம்மை இறங்கிப் போய்ப் பூவாத்தாளை மூடிக்கொண்டு நின்றார். மூன்று அடி அவர் முதுகில் விழுந்தது. பிறகு அவரைப் பிரித்து இழுத்துப் போட்டுவிட்டு மீதியை அடித்தார்கள். பசு அன்றைக்கே லாரி ஏறியது.

மூன்றாம் நாள் செங்கோடன் தனியாக வந்தான். பழஞ்சேலையில் சுற்றிய ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தான். பூவாத்தாள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை மூச்சே விடவில்லை.

"பேய்ப் புள்ளைங்கறாங்க தாயி. சுடுகாட்டுல எடங் கெடையாதாம்."

"உன் சோளக்காடு இருக்குதல்ல. வா."

நஞ்சப்பர்தான் குழி வெட்டினார். மண் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. முழங்கை ஆழத்துக்கு வெட்டியும் ஒரு புழுவைக் காணோம். மூடி முடித்ததும் மண்வெட்டியை வீசி எறிந்தார்.

"தட்டு போகுது, சாணி போகுது, எலும்பு போகுது. எடுத்துக்கிட்டே இருக்கறானுங்க. இந்த மண்ணுக்கு ஒரு புடி திருப்பிக் குடுத்தானுங்களா, தாயி?"

அம்மை அந்தச் சிறு மேட்டைப் பார்த்தார்.

"இன்னிக்குக் குடுத்துட்டாங்க."