கோழி கூப்பிடுகிற சடையாண்டி

சடையாண்டி மலையடிவாரத்து மடத்துக்கு வந்தபோது, குரு முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். குருவைவிடச் சீடரான சடையாண்டிக்குத்தான் வயது அதிகம். அதனால் குரு அவரை அண்ணே என்பார். அவர் குருவைச் சாமி என்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

"சாமி, கூப்பிட்டா வராதவங்களை எப்படிக் கூப்பிடுறது?"

குரு நிமிர்ந்து பார்த்தார். காட்டுக்கோழி பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் சடையாண்டியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் வாயைக் குவித்தால் போதும், மலைமேல் மேய்கிற கோழி இறங்கி வந்து காலடியில் நிற்கும் என்று ஊரில் அளப்பார்கள். அப்படிப்பட்டவர் வாயிலிருந்தா இந்தக் கேள்வி?

"யாரைக் கூப்பிடணும்ணே?"

"என் வீட்டுக்காரி வெள்ளையம்மாளைத்தான். கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போனவ, திரும்ப மாட்டேங்குறா."

"அண்ணி எதுக்குப் போனாங்க?"

"அவ ஆத்தா படுக்கையில கெடந்துச்சு. போய்ப் பாத்துட்டு வரேன்னா. அறுப்பு முடியட்டும்னு சொல்லிட்டேன். முடியறதுக்குள்ள அது கண்ணை மூடிருச்சு."

"'தப்பு என்னோடதுதான்'னு அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"பொம்பளைகிட்ட அதெல்லாம் சொன்னா நம்மளை மதிப்பாளா சாமி?"

குரு ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"எப்படியெல்லாம் கூப்பிட்டுப் பாத்தீங்க?"

சடையாண்டி ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். முதலில் சேலையும் கருப்பட்டியும் கொடுத்து அனுப்பினார். கொண்டுபோன ஆள் கையிலேயே இரண்டும் திரும்பி வந்தன. பிறகு, எனக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். நல்லா இருக்கட்டும் என்று பதில் வந்தது. கடைசியில், மகளுக்குக் காய்ச்சல், கண் திறக்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினார்.

"அதுக்கு ஓடி வந்தா சாமி. தலையக்கூட முடியாம வந்தா. புள்ளை வாசல்ல பாண்டி ஆடிக்கிட்டிருந்துச்சு. பாத்தா. ஒரு வார்த்தை பேசல. புள்ளை கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

கேட்கவே பாவமாகத்தான் இருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்து நாளாயிற்று. மகளின் பாவாடை இன்னும் கொடியிலேயே கிடக்கிறது. அதை எடுத்து மடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

"சரி. அண்ணி வந்துட்டாங்கன்னே வச்சுக்குவோம். என்ன செய்வீங்க?"

"வந்துட்டாப் போதும் சாமி. அப்புறம் அவளை வாசப்படி தாண்ட விட்டாத்தானே!"

குரு முறத்தைக் கீழே வைத்தார்.

"காலையில உங்களோட காட்டுக்கு வரேன்ணே. நீங்க கோழி கூப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

மடத்துச் சாமி கோழி பிடிக்கப் போகிறார் என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்காது. நல்லவேளையாக வழியில் யாரும் எதிர்ப்படவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் சடையாண்டி வேறு ஆளாகிவிட்டார். நடையே மாறிவிட்டது. குதிரைவால் மயிரில் திரித்த கண்ணியை ஒற்றையடிப் பாதையில் விரித்தார். மேலே சருகைத் தூவினார். குருவைக் கையைப் பிடித்து ஒரு புதருக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

முதலில் தொடையில் படபடவென்று தட்டிவிட்டுச் சேவல்போலக் கூவினார். எதிர்ச்சரிவிலிருந்து ஒரு சேவல் ஆங்காரமாகக் கத்தியது.

"நம்ம எடத்துக்கு இன்னொருத்தன் வந்துட்டான்னு ரோசம்" என்று குருவின் காதில் கிசுகிசுத்தார்.

சேவல் கத்தியதே தவிர, கிட்டே வரவில்லை. சடையாண்டி விரலால் சருகைக் கிளறினார். கொக், கொக் என்று மெல்லக் குரல் கொடுத்தார்.

"இது, இங்கே இரை கெடக்குன்னு ஆசை காட்டுறது."

அதற்கும் ஒன்றும் வரவில்லை. அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு குஞ்சுபோலக் கீச்சிட்டார். அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிற குஞ்சு. கேட்ட குருவுக்கே என்னவோ செய்தது.

"இதுக்கு வராத தாய் கெடையாது சாமி."

இத்தனையும் தன் வாயாலேயே சொல்லியும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வேலையில் அவ்வளவு முனைப்பு.

பெட்டைக்கோழி வந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு, இறக்கை தரையில் உரச ஓடி வந்தது. கண்ணிக்கு ஓர் அடி முன்னால் சட்டென்று நின்றது. தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தது. பிறகு படபடப்பில்லாமல் திரும்பி நடந்து புதருக்குள் மறைந்துவிட்டது.

சடையாண்டி மறுபடியும் கீச்சிட்டார். கோழி வரவில்லை.

"இனி வராது சாமி. ஒருக்கா ஏமாந்துட்டா அந்தச் சத்தத்துக்கு அது திரும்பாது. கூப்பிடக் கூப்பிட இன்னும் தூரமாத்தான் போகும்."

"சத்தத்துல ஏதாவது பிசகாண்ணே?"

"பிசகா! நெசக் குஞ்சே எங்கிட்ட தோத்துரும் சாமி."

"பின்னே ஏன் போச்சு?"

சடையாண்டி தவழ்ந்து போய்ப் பார்த்தார். காற்றில் ஒரு சருகு விலகி, கண்ணியின் வளைவு கொஞ்சம் வெளியே தெரிந்தது.

"கண்ணியைப் பாத்துருச்சு சாமி. இன்னும் நாலு சருகு போட்டு நல்லா மூடியிருக்கணும்."

குரு கேட்டார்:

"அண்ணிக்கு வச்ச கண்ணியையும் மூடணுமாண்ணே?"