வைஃபை பெட்டியை மூடிய கரடி

ஒரு காட்டில் ஒரு பாறைக் குன்று இருந்தது. குன்றின் அடியில் ஒரு குகை. அந்தக் குகையில் கரியப்பன் என்ற கரடி வாழ்ந்தது. குகைக்கு மேலே நின்ற அத்தி மரத்தில் வாலப்பன் என்ற குரங்கு. உச்சிப் பாறையில் நீலமேகம் என்ற மயில். பக்கத்துக் குளத்தில் கமலம் என்ற ஆமை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிராட்பேண்ட் இணைப்பு!

அந்த இணைப்பு வந்த நாளே ஒரு திருவிழாதான். தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வந்து, மரத்துக்கு மரம் வயரைப் பின்னி இழுத்துக் கொடுத்தன. மழை படாத இடம் வேண்டும் என்று வைஃபை பெட்டியைக் கரடியின் குகையில் வைத்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் மயில் ஆடியது. குரங்கு குட்டிக்கரணம் போட்டது. ஆமை குளத்திலிருந்து கரையேறி வருவதற்குள் கொண்டாட்டமே முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து குன்றில் ஒரே கலகலப்பு. வாலப்பன் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே, வெளிக்காட்டுக் குரங்குகளோடு போனில் மாங்காய் எறியும் விளையாட்டு விளையாடும். நீலமேகம் தன் ஆட்டத்தை நேரலையில் காட்டும். காடு காடாக அதற்கு ரசிகர்கள். கமலம் போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும். பாட்டு பாதியில் நின்று, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கமலம் மட்டும் அசையாது.

"சுத்தினா சுத்திட்டுப் போகட்டும். எனக்கென்ன ரயிலா புடிக்கணும்?" என்று கண்ணை மூடிக்கொள்ளும்.

கரியப்பனுக்கு இந்த ஆசைகள் எதுவும் கிடையாது. அதற்கு ஒரே மகள். பெயர் தேனம்மை. வாழ்க்கைப்பட்டு மேற்கே மலை தாண்டிப் போய்விட்டது. தேனம்மையோடு வீடியோ காலில் பேச வேண்டும். அவ்வளவுதான் கரியப்பனுக்கு நெட்.

இப்போது தேனம்மைக்கு ஒரு பெண் குட்டி பிறந்திருந்தது. கரடிக் குட்டிகள் கண்ணை மூடிக்கொண்டேதான் பிறக்கும். சில வாரம் கழித்துத்தான் திறக்கும்.

"அப்பா! நாளைக்குக் கண்டிப்பா கண்ணைத் திறந்துடுவா! இமை துடிக்குது, பாருங்க!" என்றது தேனம்மை.

கரியப்பன் ஆவலோடு பார்த்தது. திரையில் மகளின் மூக்கு தெரிந்தது. அந்த மூக்கு அப்படியே நின்றுவிட்டது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அழைப்பே அறுந்து போயிற்று.

கரியப்பன் போனைத் தட்டிப் பார்த்தது. ஒரு குட்டி முதன்முதலாகக் கண் திறப்பது ஒரே ஒரு தடவைதான். நாளைக்கும் இப்படி மூக்கோடு நின்றுபோனால்?

தலையைத் தூக்கிப் பார்த்தது. மரத்தில் குரங்கு 'தப் தப்' என்று குதித்துக்கொண்டிருந்தது. உச்சியில் மயில் அகவியது. குளத்திலிருந்து பாட்டு வந்தது.

'இவர்கள்தான்! இத்தனை வாயும் குடித்தால் எனக்கு எங்கே மிஞ்சும்? பெட்டி என் குகையில்தானே இருக்கிறது?' என்று நினைத்தது.

உடனே அதன் மனமே மறித்துக் கேட்டது: 'குகை உன்னுடையது. பெட்டியுமா உன்னுடையது?'

'ஒரே ஒரு தடவைக்குத்தானே!'

'ஒரே ஒரு தடவைக்கு என்றால் அவர்களிடம் சொல்லிவிடேன்.'

'எப்படிச் சொல்வது? இவ்வளவு பெரிய கரடி ஒரு குட்டிக்கண்ணைப் பார்ப்பதற்குக் கெஞ்சுகிறதே என்று சிரிக்க மாட்டார்களா?'

இப்படித் தன்னோடு தானே வழக்காடுவது கரியப்பனின் பழக்கம். வழக்கில் எப்போதும் கடைசியாகப் பேசுகிற கட்சி ஜெயித்துவிடும். அன்றும் அப்படித்தான் ஆயிற்று. யாரிடமும் சொல்லாமல் அது வைஃபை பாஸ்வேர்டை மாற்றியது. 'தேனடை' என்று வைத்தது. இனி யாருக்குக் கிடைக்கும்? சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தது.

மேலேயிருந்து குரல் வந்தது.

"கரியண்ணே! பாஸ்வேர்டை தேனடைன்னு மாத்துனீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நல்லவேளை, நானே கண்டுபுடிச்சு எல்லாருக்கும் சொல்லிட்டேன்!"

"எப்படிடா கண்டுபுடிச்சே?"

"நீங்க வேற என்னத்தைண்ணே வெப்பீங்க?"

கரியப்பன் மூக்கைச் சொறிந்துகொண்டது.

மறுநாள் காலை. வெயில் ஏறிவிட்டது. மகள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடும். கரியப்பனின் பார்வை குகை மூலையில் போய் விழுந்தது. அங்கே ஒரு பித்தளை அண்டா இருந்தது. விசேஷ நாளில் காட்டுக்கே பாயசம் காய்ச்சுகிற அண்டா. யானை காலை விட்டாலும் தாங்கும்.

'பெட்டியை இதனால் மூடிவிட்டால் நெட் எங்கேயும் ஒழுகாது! எல்லாம் நமக்கே!'

அண்டாவைத் தூக்கிப் பெட்டியின்மேல் கவிழ்த்தது. அடுத்த நொடி மரத்திலிருந்து ஒரு கூச்சல்: "ஐயையோ! ஜெயிக்கப் போற நேரத்துல போயிடுச்சே!" உச்சிப் பாறையிலிருந்து ஒரு கதறல்: "ஒத்தைக் கால்ல நிக்கும்போதா நெட்டு போகணும்! அப்படியே நிக்கிறேனே!" குளத்தில் பாட்டு நின்றது. ஆமை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு இன்னும் விஷயம் தெரியாது.

கரியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு தன் போனைப் பார்த்தது. சிரிப்பு நின்றது. அதிலும் நெட் இல்லை!

"அட, என் மண்டையே! நானும் வெளியேதானே உட்கார்ந்திருக்கிறேன்!"

யோசிக்க நேரமில்லை. அண்டாவின் ஒரு பக்கத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டது. தோள் போயிற்று. வயிறு போகவில்லை. மூச்சை இழுத்து, வயிற்றை எக்கி, காலை மடக்கி, ஒரு வழியாகத் தன்னையும் உள்ளே திணித்துக்கொண்டது. அண்டா 'டம்' என்று தரையில் உட்கார்ந்தது. உள்ளே கும்மிருட்டு. பச்சை விளக்கு மட்டும் அதன் மூக்குக்கு நேரே மினுங்கியது.

ஆனால் நெட்? வெள்ளமாகப் பாய்ந்தது! அந்த நேரத்தில் போனும் அடித்தது.

திரையில் தேனம்மை தெரிந்தது. எவ்வளவு துல்லியம்! மகளின் மூக்கில் ஒட்டியிருந்த கறையான்கூடத் தெரிந்தது. மடியில் கறுப்புப் பஞ்சுருண்டை மாதிரி பேத்தி. இமைகள் துடித்துக்கொண்டிருந்தன.

"ஐயோ! யாரு அது?" என்று மகள் அலறியது. "இருட்டுல ரெண்டு பல்லு மட்டும் தெரியுது!"

"நான்தாம்மா! அப்பா!"

அண்டாவுக்குள் அந்தக் குரல் இடிபோல உருண்டது. "ப்பா... ப்பா... ப்பா!" குட்டி வெலவெலத்து, தாயின் ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. திறக்க இருந்த இமைகள் இறுக மூடிக்கொண்டன.

கரியப்பன் பதறிப்போய் ரகசியக் குரலில் பேசிப் பார்த்தது. அது அண்டாவுக்குள் 'புஸ்ஸ்ஸ்' என்று சுழன்றது.

"அப்பா, பாம்பு! உங்க பக்கத்துல பாம்பு சீறுது!"

"பாம்பு இல்லம்மா, அதுவும் நான்தான்!"

"எங்கப்பா இருக்கீங்க? உங்க முகமே தெரியலையே! வாலப்பன் மாமா எங்கே? கமலம் அத்தை எங்கே? குட்டி கண்ணைத் திறக்கும்போது எல்லாரும் இருப்பாங்கன்னு நினைச்சேனே!"

கரியப்பனுக்கு வேண்டிய மட்டும் நெட் கிடைத்துவிட்டது. ஆனால் பேத்தி முகத்தை மூடிக்கொண்டது. மகள் பயந்துவிட்டது. சுற்றிலும் இருட்டு. 'இதற்காகவா இத்தனையும்?' என்று கரியப்பன் தன்னையே கேட்டுக்கொண்டது. இந்தத் தடவை வழக்காட எதிர்க்கட்சியே இல்லை.

வெளியே வந்துவிடலாம் என்று அண்டாவைத் தூக்கப் பார்த்தது. கை அசையவில்லை. கால் அசையவில்லை. பாயச அண்டாவில் கரடி பிசின்போல ஒட்டிக்கொண்டது!

அப்போது 'டங்!' என்று ஒரு சத்தம். காது அடைத்துப் போயிற்று.

"நீலமேகம், இங்கே வா! கரியண்ணனைக் காணோம். பெட்டியையும் காணோம். ஆனா இந்த அண்டா மூச்சு விடுது!" என்றது வாலப்பன்.

"அண்டா மூச்சு விடுமா? தட்டிப் பாரு!"

'டங்! டங்!'

"தட்டாதீங்கடா! உள்ளே நான் இருக்கேன்!"

வெளியே குன்றே அதிர்கிற சிரிப்பு.

"உள்ளே என்னண்ணே பண்றீங்க? பாயசம் மிச்சம் இருந்துதா?"

"முதல்ல தூக்குங்கப்பா!"

வாலப்பன் விளிம்பைப் பிடித்து இழுத்தது. நீலமேகம் அலகால் நெம்பியது. பாதி வழியில் வந்துகொண்டிருந்த கமலம், "வயர் பத்திரம்! வயரைப் பார்த்துத் தூக்குங்க!" என்று அங்கிருந்தே கத்தியது. அண்டா 'பளக்' என்று கழன்று உருண்டது. கரியப்பன் தேன் குடித்த ஈயைப்போலத் தள்ளாடி எழுந்து உட்கார்ந்தது. போன் மட்டும் கையில் பத்திரமாக இருந்தது. திரையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தது. குட்டி மெல்ல முகத்தை வெளியே எடுத்தது. இமை மறுபடி துடித்தது.

அதே நேரத்தில் எல்லோர் போனிலும் 'டிங்! டிங்!' என்று நெட் திரும்பி வந்தது. குரங்கின் மாங்காய்கள் பறந்தன. மயிலின் ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆமையின் பாட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது.

கரியப்பனின் திரை அப்படியே நின்றது. வட்டம் சுற்றியது.

கரடி அண்டாவைப் பார்த்தது. பக்கத்திலேயேதான் கிடந்தது. திரும்ப ஒரு தடவை கவிழ்த்தால் போதும். அடுத்து, தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தது. கேட்பதா? சிரிப்பார்களா? சிரித்தால்தான் என்ன? ஏற்கெனவே அண்டாவுக்குள் இருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட கரடிக்கு இனிப் போவதற்கு என்ன மானம் பாக்கி இருக்கிறது?

"நான்தான் பெட்டியை மூடினேன். தப்புத்தான்," என்றது. "என் பேத்தி இப்போ கண்ணைத் திறக்கப் போறா. கொஞ்ச நேரம் எல்லாரும் போனை அணைச்சு வைக்கிறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

"இதை நேத்தே சொல்றதுக்கு என்னண்ணே?" என்றது வாலப்பன். "இன்னும் ஒரு மாங்காய் எறிஞ்சா நான்தான் ராஜா. போகட்டும் போ, குரங்குக்கு எதுக்குக் கிரீடம்!" என்று போனை அணைத்தது.

நீலமேகம் தன் போனைப் பார்த்து, "ரசிகப் பெருமக்களே, குடும்பத்தில் ஒரு விசேஷம்!" என்று கும்பிடு போட்டு அணைத்தது.

வட்டம் இன்னும் சுற்றியது. எல்லோரும் அப்போதுதான் குகைக்குள் வந்து சேர்ந்த கமலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதோ, அணைக்கிற பட்டன் எங்கேன்னு தேடிட்டு இருக்கேன்," என்றது ஆமை நிதானமாக.

"அக்கா! இன்னிக்கு ஒரு நாள் ரயில் புடிக்கிற அவசரத்துல தேடுங்களேன்!" என்றது வாலப்பன்.

"அவசரப்படுத்தினா கை நடுங்கும்டா. இது இல்ல... இதுவும் இல்ல... ஆங், ஆச்சு!"

பாட்டு நின்றது. வட்டம் நின்றது. படம் அசைந்தது!

"சத்தம் போடாம எல்லாரும் கிட்ட வாங்க!" என்றது தேனம்மை. ஒரே போனைச் சுற்றி எல்லாத் தலைகளும் முட்டி மோதின. கரியப்பன் ஆமையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டது. நீலமேகம் உற்சாகம் தாங்காமல் தோகையை விரித்தது. குகை முழுக்க நீலமும் பச்சையும் மின்னியது.

குட்டியின் ஒரு கண் கீற்றாகத் திறந்தது. மூடியது. பிறகு இரண்டும் திறந்தன. ஈரமான, சின்ன, கறுப்புக் கண்கள். அவை மலைகளைத் தாண்டி இந்தப் பக்கம் இருந்த அத்தனை முகங்களையும் ஆச்சரியத்தோடு பார்த்தன.

"மொதல்ல என்னைத்தான் பார்த்தா!" என்று குதித்தது வாலப்பன்.

"உன் மூஞ்சியையா? பார்த்திருந்தா மறுபடி மூடியிருப்பா! என் தோகையைப் பார்த்துத்தான் திறந்தா!"

"சண்டை எதுக்கு? அவ இன்னும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கா," என்றது கமலம்.

கரியப்பன், சிரித்தால் சத்தம் வந்துவிடும் என்று பயந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உடம்பெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அது சிரிக்கச் சிரிக்க, தோளில் இருந்த ஆமையும் மேலும் கீழும் ஆடியது. அந்தப் பக்கம் குட்டி அதைக் கண்ணால் தொடர்ந்து தொடர்ந்து பார்த்தது.

அதன் பிறகு அந்தக் குன்றில் யாருக்கு அவசரம் என்றாலும் ஒரு குரல் கொடுப்பார்கள். மற்றவர்கள் தங்கள் போனை ஓரமாக வைத்துவிட்டு, என்ன விசேஷம் என்று பார்க்க ஓடி வருவார்கள்.

எல்லோருக்கும் பொதுவானதைத் தனக்கென்று மூடி வைப்பவன் அதற்குள்ளேயே தானும் அடைபட்டுப் போவான். தன் தேவையை வாய் திறந்து சொல்பவனுக்கோ சுற்றியிருப்பவர்கள் தாமாகவே இடம் கொடுப்பார்கள்.