பார்த்து எழுதிய வரி

இறகுப் பேனா பதப்படுத்திய ஆட்டுத் தோலில் உரசும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சருகின் மேல் அணில் நடப்பது போல, நின்று நின்று வரும்.

கொச்சியின் யூதர் தெருவில் எபிரேய வேதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார் சிம்யோன். வயது அறுபத்திரண்டு. முன்பு மிளகு வியாபாரி. அவருடைய ஆசான் நெகேமியாவுக்கு முப்பத்தொன்று. நான் அவர்களுக்கு மை கலக்கிக் கொடுத்த சிறுவன்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றின் ஒரே வேதச் சுருளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வேதத்தை வாசித்து முடிக்கும் திருநாளுக்குள் அவர்களுக்குப் புதியது வேண்டும். சிம்யோன் எழுதிவந்த சுருளில் கடைசி மூன்று தோல்கள் பாக்கி; பதினெட்டு நாள்தான் இருந்தது.

சிம்யோன் ஆசானிடம் குறை சொல்லி வந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய சுருளைப் பார், வாய்விட்டுச் சொல், பிறகு எழுது என்றால் எப்போது முடிப்பது? மோசேயின் ஐந்து ஆகமங்களும் அவருக்கு மனப்பாடம். அந்த மூன்று தோல்களையும் பார்க்காமலே எழுதிவிட்டதாகச் சொல்லி மேசையில் விரித்தார்.

நெகேமியா படிக்கவில்லை. சுருட்டிக் கட்டினார். செல்லாத வேதத்தைப் புதைக்கிற இடத்தில் புதைத்துவிடச் சொன்னார்.

“ஒரு பிழை காட்டுங்க ஆசானே. புதைக்கிறேன்.”

“நான் தேடவே இல்லை, மாமா.”

“உன்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டினவன் நான்.”

“அதனாலதான் மாமான்னு கூப்பிடறேன்.”

சிம்யோன் நகரவில்லை.

“இந்தத் தோலை எதைப் பார்த்து எழுதினீங்க?”

சிம்யோன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

“அதுக்கு வயசு அறுபத்திரண்டு” என்றார் நெகேமியா.

சிம்யோன் புதைத்தார். மறுநாளிலிருந்து ஆசானோடு பேச்சில்லை. கோபத்தில் ஒரு சொல்லைப் பார்த்தார், சொன்னார், எழுதினார். அடுத்த சொல்லைப் பார்த்தார். என்ன பொருள் என்றுகூடக் கவனிக்கவில்லை. திருநாளுக்கு முந்தின மதியம்தான் மை காய்ந்தது.

ஆற்றங்கரை ஜெபக்கூடத்தில் கடைசிப் பகுதியை வாசிக்கும் மரியாதையை அவருக்கே தந்தார்கள். அதுவரை சபையில் அதை அவர் வாசித்ததில்லை. முன்வரிசையில் நெகேமியா இருந்தார். தன் மனப்பாடத்தை அவர் பார்க்கட்டும் என்று சிம்யோன் கண்ணை மூடிக்கொண்டார்.

குரல் கணீரென்று போயிற்று. முடியப்போகும் இடத்தில் முப்பது பேர் ஒன்றாக மறித்தார்கள். வாசிப்பவர் தவறினால், கேட்கிற எவரும் திருத்தலாம். அது அவர்கள் வழக்கம்.

கண்ணைத் திறக்காமல் மறுபடி சொன்னார். மறுபடி மறித்தார்கள்.

“ஒரு வரியை முழுங்கிட்டீங்க, வியாபாரி” என்றார் பின்னாலிருந்து ஒரு படகுக்காரர். யாரோ சிரித்தார்கள்.

அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலத் தொடங்கும். ஐம்பது வருஷமாக ஒன்றைத் தாண்டி மற்றதற்குப் போயிருக்கிறார்.

சிம்யோன் கண்ணைத் திறந்தார்.

விட்ட வரி அங்கே இருந்தது. அவருடைய கையெழுத்தில்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சபையைவிட உரக்கச் சிரித்தார். வரியைத் தொட்டுக்காட்டும் வெள்ளிக் கோலை வைத்து, சொல் சொல்லாக அந்த வரியை வாசித்தார். சபையின் ஆரவாரத்தில் கூரை அதிர்ந்தது. மாடத்திலிருந்து பெண்கள் குரவையிட்டார்கள்.

நெகேமியா நிமிரவில்லை. அவர் கண் கையிலிருந்த வேதப் புத்தகத்தின் வரி மேலேயே இருந்தது.

சிம்யோன் எழுபத்து மூன்றாம் வயதில் இறந்தார். அதற்குள் இன்னும் இரண்டு சுருள்கள் எழுதி முடித்திருந்தார்.