மாவு மில்லில் நடந்த பரீட்சை

நொச்சிக்கரையில் ஒரு டுடோரியல் இருந்தது. அதில் மூன்று வாத்தியார்கள் இருந்தார்கள். மூவரும் நல்ல மனிதர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம்.

முதல்வர் அம்பலவாணன், கணக்கு வாத்தியார் பிச்சாண்டி, வேதியியல் வாத்தியார் சவரிமுத்து. யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள், துளி மிச்சம் வைக்க மாட்டார்கள். ஒருமுறை கல்வி அதிகாரி ஒருவர் வந்து, "வகுப்புல சத்தமே கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் பாடமெல்லாம் கைஜாடையிலேயே நடந்தது. முக்கோணவியல் ஓரளவு புரிந்ததாம். கந்தக அமிலத்தை ஜாடையில் காட்டப் போய்த்தான் சவரிமுத்துவுக்குத் தாடை பிடித்துக்கொண்டது.

இந்த மூவரிடம்தான் சுடர்விழி வந்து மாட்டினாள். பிளஸ் டூ படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். இப்போது தனித்தேர்வராக எழுதப் போகிறாள். அவளுக்குக் கடலுயிர்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசை. கடலை அவள் பார்த்ததே இல்லை. ஊரில் பெரிய தண்ணீர் என்றால் ஊராட்சித் தொட்டிதான், அதிலும் ஒரு தவளைதான் உண்டு. இருந்தாலும் ஆசை ஆசைதானே, அவளுக்கு அது ராப்பகலாக இருந்தது.

கடலோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் படிப்பு இருந்தது. ஆனால் பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே அங்கே இடங்களைக் கொடுத்துவிடுவார்கள். உயிரியலில் இந்த மாணவி இவ்வளவு எடுப்பாள் என்று பள்ளிக்கூடம் எழுதிக் கொடுக்க வேண்டும். சுடர்விழிக்குப் பள்ளிக்கூடமே இல்லை. யார் எழுதிக் கொடுப்பது?

அவள் டுடோரியலிலிருந்தே அங்கே போன் போட்டாள். வாத்தியார்கள் சுற்றி நின்று கேட்டார்கள்.

"பரவாயில்லம்மா," என்றார் அங்கிருந்த அலுவலர். "உங்க டுடோரியல்லயே பழைய கேள்வித்தாளை வெச்சு ஒரு பரீட்சை நடத்தச் சொல்லுங்க. நிஜப் பரீட்சை எப்படி நடக்குமோ அப்படியே நடக்கணும், ஒண்ணும் விட்டுடக் கூடாது. அந்த மார்க்கை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. பிந்தினா இடம் போயிடும்."

போனை வைத்ததும் சுடர்விழியின் முகம் மலர்ந்தது. பாவம், 'அப்படியே' என்ற சொல் அந்த மூவர் காதிலும் விழுந்ததை அவள் யோசிக்கவில்லை.

உடனே ஆலோசனைக் கூட்டம் போட்டார்கள்.

"நிஜப் பரீட்சையில கேள்வித்தாளைப் பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாங்க," என்றார் அம்பலவாணன். "சாவி எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"ஒளிச்சு வைக்கிறவருக்குத் தெரிஞ்சிடுமே சார்," என்றார் பிச்சாண்டி.

"அவர் கண்ணை மூடிக்கிட்டு ஒளிக்கட்டும்."

பிச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டு ஒளித்தார். மிக நன்றாகவே ஒளித்தார். மறுநாள் பீரோவைக் கடப்பாரையால் நெம்பித்தான் கேள்வித்தாளை எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது இடம். தனித்தேர்வர் தன் டுடோரியலிலேயே உட்கார்ந்து எழுதுவதில்லை, வேறு மையத்துக்குத்தான் போவார். நொச்சிக்கரையில் கூரையோடு இருந்த வேறு பெரிய இடம் மாவு மில் ஒன்றுதான். மில்காரர் சம்மதித்தார், ஆனால் மில்லை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார். அரைப்பதும் எழுதுவதும் ஒன்றாக நடக்கட்டும் என்று முடிவானது.

"ஹால்ல ஒரே ஒரு ஆள் எழுதினா அது பரீட்சையா?" என்றார் அம்பலவாணன். அதுவும் நியாயம்தானே. மாவு அரைக்க வந்த சனங்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்கள். கோதுமை டின்னோடு வந்த ஒரு அம்மா, செல்லின் அமைப்பை விளக்குக என்ற கேள்விக்குக் கீழே, 'ரெண்டு கிலோ, சப்பாத்திக்கு, நைசா' என்று எழுதி வைத்தார்.

சவரிமுத்துவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "சார், நிஜப் பரீட்சைன்னா பறக்கும் படை வரும். வந்தா யாராவது பிட்டோட மாட்டுவாங்க. யாரும் மாட்டலைன்னா இது பரீட்சைன்னு யார் நம்புவா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் அந்தப் பழியைத் தானே சுமப்பதாகச் சவரிமுத்து முன்வந்தார். அம்பலவாணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பறக்கும் படையாக அம்பலவாணனே வருவது என்று முடிவாயிற்று.

பரீட்சை தொடங்கியது. மிளகாய் வற்றல் அரைபட, சுடர்விழி தும்மித் தும்மி எழுதினாள். தும்மலுக்கு நடுவிலும் நன்றாகவே எழுதினாள். பின்னால் சவரிமுத்து பிட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுதுவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். படை வருவதாகக் காணோம். பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து தேடிக்கொண்டு போனார். அம்பலவாணன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், இங்க உக்காந்துட்டீங்க? நான் அங்க காப்பி அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"படை திடீர்னுதான் வரணும் சவரிமுத்து. எப்ப வருவேன்னு எனக்கே தெரியக் கூடாது. நான் எதையும் நினைக்காம டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப இங்கயே பிடிச்சுடுங்க சார். மறுபடி நடக்க முடியல."

பிடித்தார். டீக்கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிடிபடும் வரை எழுதியதை மட்டும் திருத்துவது என்று சவரிமுத்துவின் தாளை வாங்கி வைத்தார்கள்.

இனித் திருத்த வேண்டும். திருத்துபவருக்கு எழுதியது யார் என்று தெரியக் கூடாது, அது விதி.

"எனக்குச் சுடர்விழியை நல்லாத் தெரியுமே சார்," என்றார் பிச்சாண்டி.

"மறந்துடுங்க. நாங்களும் மறந்துடறோம், துணைக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் சுடர்விழி ஓட்டமாக வந்து நின்றாள். "சார், என் மார்க் போட்டாச்சா? சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

மூவரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். "யாரும்மா நீ?" என்றார் அம்பலவாணன், மரியாதையாகத்தான்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கெஞ்சினாள், அழுதாள், போன வாரம் வாங்கிக் கொடுத்த வடையைக்கூட நினைவுபடுத்தினாள். வடை நினைவிருப்பதாகவும் ஆளைத் தெரியவில்லை என்றும் பிச்சாண்டி சொன்னார். கடல் எட்டாமலே போய்விடும் போலிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள், திரும்ப உள்ளே வந்தாள்.

"வணக்கம் சார். என் பேரு சுடர்விழி. டுடோரியல்ல புதுசா சேர வந்திருக்கேன்."

"அடடே, வாம்மா, உக்காரு," என்றார் அம்பலவாணன். உடனே சேர்த்துக்கொண்டார்கள். "நல்ல நேரத்துல வந்தே. எங்ககிட்ட எண்பத்தேழு மார்க் வாங்கின தாள் ஒண்ணு இருக்கு. ஆளைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

மூவரும் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, சாயங்காலத்துக்குள் அனுப்பினார்கள். இடம் கிடைத்தது. நிஜப் பரீட்சையில் எண்பத்தேழுக்குக் குறையக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

நிஜப் பரீட்சை அவளுக்குச் சப்பென்று இருந்தது, மிளகாய் நெடிகூட இல்லை. முடிவு வந்ததும் லட்டோடு வந்தாள்.

"தொண்ணூத்தி நாலு சார்!"

யாரும் லட்டைத் தொடவில்லை. சாவு வீடு போல உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க உனக்கு என்னம்மா குறை வெச்சோம்?" என்றார் அம்பலவாணன். "எண்பத்தேழுன்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம். நீ இப்படிப் பண்ணிட்டியே."

"மறுகூட்டலுக்கு எழுதிப் போடலாம் சார்," என்றார் பிச்சாண்டி. "ஏழு மார்க்கைக் கழிச்சுத் தரச் சொல்லி."

சுடர்விழி பயந்து போனாள். இவர்கள் எழுதிப் போட்டால் மறுகூட்டல் முடிவதற்குள் கடலே வற்றிவிடும்.

"கழிச்ச ஏழை என்ன சார் பண்ணுவாங்க?" என்று மூலையிலிருந்து சவரிமுத்து கேட்டார். "வீணாக்கிடுவாங்களோ?"

அப்போதுதான் பிச்சாண்டி நிமிர்ந்தார். வாழ்நாளில் அவர் போட்ட கணக்குகளிலேயே சரியான கணக்கு அதுதான். "சார், மில்லுல நடந்த பரீட்சையில சவரிமுத்து எடுத்தது இருபத்தெட்டு. இருபத்தெட்டும் ஏழும் முப்பத்தஞ்சு."

முப்பத்தைந்து என்றால் பாஸ். சவரிமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

சுடர்விழி ஒரு தாளை எடுத்து, 'என் மதிப்பெண்ணில் ஏழைச் சவரிமுத்து சாருக்கு மனமுவந்து கொடுக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சவரிமுத்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள்.

அவள் பெட்டியோடு கடலோரத்துக்கு பஸ் ஏறிய காலையில், பஸ் ஸ்டாண்டு முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். மாலையும் கழுத்துமாகச் சவரிமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். 'உயிரியலில் 35 மதிப்பெண் பெற்று நம் டுடோரியலுக்குப் பெருமை சேர்த்த மாணவர் சவரிமுத்து அவர்களுக்கு வாழ்த்துகள்' என்று போட்டிருந்தது. கீழே ஓரத்தில், கோயில் டியூப்லைட்டில் எழுதுவார்களே, அந்த மாதிரிப் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது.

'ஏழு மதிப்பெண் உபயம்: சுடர்விழி.'