கிருமியைத் தின்ற வைரஸுக்கு யார் பெயர்?

புதிர் போடுகிறவன் எதையும் ஒளித்து வைக்கக் கூடாது என்பது என் கட்சி. விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் காதை மட்டும் கொடுங்கள். பாதியில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, "யாருப்பா அந்த ரெபெக்கா?" என்று கேட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

மதுரையில் பூங்கோதை என்று ஒரு பெண். வயது இருபத்துமூன்று. எந்தப் பேருந்து எப்போது கிளம்பும் என்று பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் வேலை. பிறக்கும்போதே கூட வந்த நோய் ஒன்று அவளுக்கு உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். நுரையீரலில் ஊறும் சளி நீர்த்து இருக்காமல் கோந்தாக இறுகிவிடும். அந்தக் கோந்தில் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறி, வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் தின்று பழகி, எதற்கும் மசியாமல் போய்விட்டது. போன ஆடியில் கடைசி மருந்தும் கைவிரித்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வார்டில் கிடந்தாள். பத்தடி நடக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பிழைப்பாளா மாட்டாளா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

கிருமிகளை மட்டும் தின்னும் வைரஸ்கள் உண்டு, மனிதரை அவை தொடாது, அவற்றில் ஒன்று இவள் கிருமிக்குப் பொருந்தினால் பிழைப்பாள் என்றார் டாக்டர் அப்துல் வகாப். அத்தகைய வைரஸை அழுக்குத் தண்ணீரில்தான் தேட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ரெபெக்கா, மருத்துவமனையின் கழிவுநீர்ப் பணியாளர் இருளாண்டியைக் கூப்பிட்டு, வைகையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னாள்.

"வைகையில தண்ணி எங்கம்மா இருக்கு?" என்றார் இருளாண்டி. "வார்டுத் தண்ணியெல்லாம் வந்து சேர்ற தொட்டியில எடுத்தாறேன். அந்தக் கிருமி அங்கதான ஏகத்துக்கும் கிடக்கும். அதத் திங்கிறதும் அங்கதான இருக்கணும்?"

கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கித் தொட்டியின் அடியிலிருந்து மொண்டு வந்தார். ரெபெக்கா அதை வடிகட்டி, பூங்கோதையின் கிருமி வளர்ந்திருந்த தட்டில் சொட்டு விட்டாள். மறுநாள், கிருமி செத்த இடங்கள் தட்டில் பொட்டுப் பொட்டாகத் தெளிந்திருந்தன. ஆய்வுக்கூடமே துள்ளிக் குதித்தது.

குதித்தது எட்டே நாள். ஒன்பதாம் நாள் அதே தட்டில் கிருமி மறுபடி முளைத்துவிட்டது. தோற்றுப்போன தட்டை அவித்துக் கொட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. ரெபெக்காவுக்கோ ஆத்திரம். "என்ன பண்ணித் தப்பிச்சேன்னு பாத்துடுறேன்" என்று கிருமியிடமே சண்டைக்குப் போனாள். முளைத்ததை எடுத்து வேறு தட்டில் பரப்பி, என்றைக்கோ பலிக்காமல் போன பழைய மருந்துகளின் வில்லைகளை அதன்மேல் வைத்தாள். அப்படிச் செய் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் வந்து பார்த்தால், ஒரு வில்லையைச் சுற்றி வட்டமாகக் கிருமியே இல்லை.

நடந்தது இதுதான். அந்தக் கிருமிக்கு ஒரு பின்வாசல் உண்டு. உள்ளே வரும் மருந்தை அதன் வழியாகத்தான் வெளியே தள்ளும். வைரஸும் அதே வாசல் வழியாகத்தான் நுழைந்தது. வைரஸுக்குப் பயந்து கிருமி வாசலை அடைத்துக்கொண்டது. அடைத்தபின் மருந்தை எப்படி வெளியே தள்ளும்? திறந்தால் வைரஸ், அடைத்தால் மருந்து. வசமாக மாட்டிக்கொண்டது, சனியன்.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் அதுவரை யாரும் செய்யாத காரியம். அனுமதிக்காகப் பதினோரு நாள் நாயாய் அலைந்து, ஏதாவது ஆனால் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவர் வகாப். மருந்து ஆரம்பித்த நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் ஆக்சிஜன் குழாயைக் கழற்றினார்கள். கிருமி அடியோடு ஒழியவில்லை. ஆனால் வாலாட்ட முடியாதபடி ஒடுங்கிவிட்டது. ஐந்தாம் வாரம், லிஃப்ட் சும்மா நிற்க, மூன்று மாடியையும் படியேறியே ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றாள் பூங்கோதை. அங்கே அழாதவர் யாருமில்லை. நான் இருந்திருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"புதுசா ஒரு வைரஸ் கிடைச்சா, அதுக்குப் பேர் வச்சுப் பதியணும்" என்றார் வகாப். "கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் அந்த உரிமை. வைத்தியத்தப் பத்தித் தனியாக் கட்டுரை எழுதுவோம். இந்தப் பேர் வைரஸுக்கு மட்டும்தான். அத உனக்கே விட்டுட்டோம் பூங்கோதை, யார் பேருன்னு நீயே சொல்லும்மா. என்னைக் கேட்டா ரெபெக்கா பேருதான். அந்தத் தட்டை இவ கொட்டியிருந்தா எல்லாம் போச்சு."

"சார் கையெழுத்துப் போடலேன்னா அது தட்டாவே கிடந்திருக்கும்" என்றாள் ரெபெக்கா. "இல்லேன்னா பூங்கோதை பேரையே வைப்போம். அவ கிருமியத்தான அது தின்னுச்சு."

"அந்தக் கிருமி டப்பாவுலதான் ஏற்கெனவே என் பேர ஒட்டி வச்சிருக்கீங்களே" என்று பூங்கோதை சிரித்தாள். "தோத்தவங்க பேரும் ஜெயிச்சவங்க பேரும் ஒண்ணாவா இருக்கும்?"

வாசலில் நின்ற இருளாண்டி தொண்டையைச் செருமினார். "எம் பேரையும் கொஞ்சம் யோசிங்கம்மா. இருபத்தாறு வருசமா வருகைப் பதிவேடு தவிர எங்கயும் எம் பேர யாரும் எழுதுனதில்ல."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். துணிந்து கையெழுத்திட்ட வகாப், தோற்ற தட்டை விடாமல் துருவிய ரெபெக்கா, தொட்டியில் மொண்டு வந்த இருளாண்டி, நுரையீரலையே போர்க்களமாகக் கொடுத்த பூங்கோதை. அந்த வைரஸுக்கு யார் பெயர் வைப்பது சரி?

விடை: அவளைக் காப்பாற்றியது யார் என்று கேட்டிருந்தால் நானும் ரெபெக்கா என்றே சொல்லியிருப்பேன். வைரஸ் தோற்ற பிறகும் அந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதாகவே வந்தது. ஆனால் கேள்வி வைரஸின் பெயரைப் பற்றியது. அது எங்கே இருக்கும் என்று தானாக யோசித்து, சொன்ன இடத்தை விட்டுச் சரியான இடத்தில் தேடி எடுத்தவர் ஒருவர்தான். பூங்கோதையும் அவர் பெயரையே சொன்னாள். அவர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார், அப்பா பெயரின் முதலெழுத்தும் சேர வேண்டும் என்று. சேர்த்தார்கள். இனி உலகத்தின் எந்த மூலையிலிருந்து எந்த ஆய்வுக்கூடம் அந்த வைரஸைக் கேட்டுக் கடிதம் போட்டாலும், இப்படித்தான் எழுதியாக வேண்டும்: மு. இருளாண்டி.